ரகசியஸ்தரும் மூன்றாவது பந்தும்

உலகத்தில் குடும்பஸ்தர் உண்டு, உத்தியோகஸ்தர் உண்டு. இரண்டிலும் சேராத இன்னோர் இனமும் உண்டு. அதற்கு ரகசியஸ்தர் என்று நானே பெயர் வைத்திருக்கிறேன். உங்கள் தெருவிலும் நிச்சயம் ஒருவர் இருப்பார். சந்தேகமாக இருந்தால், நாளைக்குக் கடைவீதியில் யார் உங்கள் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போகிறார் என்று கவனியுங்கள்.

ரகசியஸ்தர் நடுத்தெருவில் நின்று பேசமாட்டார். உங்களைச் சுவரோரம் நிறுத்துவார், இந்தப் பக்கம் பார்ப்பார், அந்தப் பக்கம் பார்ப்பார், துண்டை வாயருகே கொண்டுபோவார், குரலைத் தாழ்த்துவார், நீங்களும் மூச்சை அடக்கிக்கொண்டு காதைக் கொடுப்பீர்கள். "இன்னைக்கு எங்க வீட்ல சுண்டைக்காய்க் கொழம்பு. வெளியில தெரியவேணாம்." இதுதான் செய்தி. சொல்லிவிட்டுப் போனால் பரவாயில்லையே. நாலு நாள் கழித்துத் திரும்பி வந்து, "யாருகிட்டயும் சொல்லலையே?" என்று கேட்பார். சொல்லவில்லை என்றால் அவர் முகம் வாடிவிடும். உங்களுக்குப் பதிலாக அவரே போய் நாலு பேரிடம் சொல்லிவிட்டு வருவார்.

எங்கள் போடிநாயக்கனூர் ஜக்கையன் இந்த இனத்தில் முழு வளர்ச்சி பெற்ற உருப்படி. தொழில் ஏலக்காய்த் தரகு. அந்தக் காலத்தில் ஏலக்காய் விலையை வாயால் பேசமாட்டார்கள். வாங்குகிறவரும் விற்கிறவரும் ஒரே துண்டுக்குள் கையை விட்டு, ஒருவர் விரலை ஒருவர் பிடித்துப் பேரத்தை முடிப்பார்கள். பக்கத்தில் நிற்பவனுக்குத் துண்டு ஆடுவதுதான் தெரியும். இருபது வருஷம் இப்படி வாய் திறக்காமல் வியாபாரம் செய்த மனிதர், மிச்ச நேரத்தில் அந்த வாய்க்கு வஞ்சகமில்லாமல் வேலை கொடுத்தார்.

இவர் எங்கள் பெண்கள் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியின் கமிட்டி மெம்பர். நான் அங்கே குமாஸ்தா. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில், பள்ளிக்கூடப் பெண்கள் புது வருஷத்து சாப்ட்பால் ஆட்டத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி கையைத் தாழ்த்திப் பந்தை வீசுவாள், எதிர்க்கட்சிக்காரி கட்டையால் அடித்துவிட்டு நாலு மூலையையும் சுற்றி ஓடிவருவாள், மூன்று பந்தை அடிக்கத் தவறினால் அவள் வெளியே. இவ்வளவு தெரிந்தால் உங்களுக்குப் போதும். எங்கள் கமிட்டிக்கு இவ்வளவும் தெரியாது.

ஆனால் தோற்றது தெரியும். மூன்று வருஷமாகப் பெரியகுளத்துப் பெண்களிடம் தோற்றிருந்தோம். போன வருஷம் பத்தொன்பது ஓட்டத்தில். இந்த வருஷமும் தோற்றால் கட்டையையும் பந்தையும் பரணில் போட்டுவிட்டு, மைதானத்தில் கத்தரிக்காய்த் தோட்டம் போடுவது, பெண்களுக்கு அந்த நேரத்தில் தையல் வகுப்பு வைப்பது என்று கமிட்டியில் தீர்மானம் ஆகிவிட்டது. அதை எழுதியவனே நான்தான்.

தீர்மானத்தைக் கேட்டு டிரில் டீச்சர் சுருளியம்மாள் கோபப்பட்டாள். அணித் தலைவி பொன்னுமணி கோபப்படவில்லை. என் மேஜை முன்னால் வந்து நின்றாள். சிலமலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருகிற பெண். பந்து வீசுகிறவள் அவள்தான்.

"எங்க ஊர்ல என் வயசுப் பொம்பளப்பிள்ளை ஓடுனா, வீட்ல யாருக்கு என்ன ஆச்சுன்னு கேப்பாக சார். சும்மா ஓடலாமுன்னு இருக்கிற எடம் இது ஒண்ணுதான். இங்கயும் கத்தரிக்காயா?" என்றாள்.

கத்தரிக்காய் எனக்கு மிகவும் பிடிக்கும் என்பதை அன்று நான் அவளிடம் சொல்லவில்லை.

இந்தச் சமயத்தில்தான் ஜக்கையன் அணியைக் காப்பாற்றக் கிளம்பினார். என்னைச் சுவரோரம் தள்ளிக்கொண்டுபோய், "மாப்ளே, நாம தோக்குறதுக்குக் காரணம் ரகசியம் இல்லாததுதான். இனிமே பாருங்க" என்றார்.

பார்த்தேன். முதல் வேலையாக மைதானத்து வேலி முழுக்க ஏலக்காய்ச் சாக்கை வாங்கிக் கட்டினார். அதுவரை எங்கள் பெண்களின் ஆட்டத்தை மேய வந்த இரண்டு எருமைகளைத் தவிர யாரும் பார்த்ததில்லை. சாக்குக் கட்டிய மறுநாள் அதில் நாற்பது ஓட்டை. ஓட்டைக்கு ஒரு கண். உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாதவர்கள் தெரிந்தவர்களைக் கேட்க, தெரிந்தவர்கள் இடத்தைவிட்டு நகர மறுக்க, ஒரே தள்ளுமுள்ளு. ஓட்டைக்கு ஆள் கூடுவதைப் பார்த்து, ஒருத்தர் வேலியோரத்தில் சுண்டல் கடையே போட்டுவிட்டார்.

இரண்டாவது வேலை, துண்டு. பந்து வீசுகிற பொன்னுமணியும் பந்து பிடிக்கிற பேச்சியும் அடுத்த பந்து எப்படி என்று பேசிக்கொள்ள வேண்டும் அல்லவா? சுருளியம்மாள் டீச்சர் அதற்கு விரலைக் காட்டினால் போதும் என்று சொல்லிக்கொடுத்திருந்தாள். ஜக்கையன் பதறிப்போனார்.

"வெட்டவெளியில வெரலைக் காட்டுறதா? ஊருல பாதிப் பேரு வெரலைப் படிச்சே வயிறு வளக்குறவக, டீச்சரம்மா. துண்டு வேணும்."

அன்றிலிருந்து ஒவ்வொரு பந்துக்கும் பேச்சி தன் இடத்தை விட்டு ஓடிவருவாள், பொன்னுமணி துண்டை விரிப்பாள், இருவரும் கையை உள்ளே விடுவார்கள், ஒரு விரலைப் பிடித்தால் வேகம், இரண்டு விரலைப் பிடித்தால் மெதுவு. பேச்சிக்குக் கூச்சம் அதிகம். விரலைத் தொட்டாலே சிரித்துவிடுவாள். ஒரு சாயங்காலம் முழுக்க ஆடி பதினொரு பந்துதான் போட்டார்கள்.

மூன்றாவது வேலைதான் பெரிய வேலை. திட்டத்தை அவரே வகுத்தார். முதல் இரண்டு பந்தும் வேகம். மூன்றாவது பந்து மெதுவாக வரவேண்டும். வேகத்துக்குப் பழகிய எதிராளி அவசரப்பட்டுக் கட்டையை வீசி ஏமாந்துபோவாள். திட்டம் மோசம் என்று சொல்லமாட்டேன். டீச்சர்கூட ஒப்புக்கொண்டாள். "இது இந்த நாலு சுவத்துக்குள்ளயே இருக்கணும்" என்று ஜக்கையன் எல்லோரிடமும் சத்தியம் வாங்கினார். சத்தியம் செய்யாமல் விட்டவர் ஒருவர்தான். யார் என்று நான் சொல்லவேண்டுமா?

மூன்றாம் நாள் பொன்னுமணி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தாள். பொட்டிபுரத்திலிருந்து கூடையோடு ஏறியிருந்த கருத்தம்மா என்கிற அம்மாள், பக்கத்தில் உட்கார இடம் கொடுத்து, காதருகே குனிந்தாள்.

"ஆத்தா, ஒனக்கு மட்டும் சொல்றேன். போடியில பிள்ளைக பந்து வெளாடுறாகள்ல, அதுல செலமலைக்காரி ஒருத்தி மூணாவது பந்தை மெதுவாப் போடப்போறாளாம்."

"அந்தச் செலமலைக்காரி நான்தான் அத்தை."

கருத்தம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "நீதானா? அப்ப நீயும் வெளிய சொல்லிறாத."

பொட்டிபுரம் வரை போன ரகசியம் அங்கேயே நிற்குமா? ஜீப்பில் ஏறி மலைமேல் இருக்கும் போடிமெட்டுக்குப் போய், எஸ்டேட்டுகளில் இரண்டு நாள் தங்கி, மலையாளத்திலும் ஒரு சுற்றுச் சுற்றி, ஏலக்காய் லோடோடு கீழே இறங்கி, வார முடிவில் பெரியகுளம் போய்ச் சேர்ந்துவிட்டது. அங்கே பெண்கள் மெதுவான மூன்றாவது பந்தை அடித்துப் பழகுகிறார்கள் என்று எங்களுக்கும் ஒரு ரகசியம் வந்தது. அதையும் ஜக்கையன்தான் கொண்டுவந்தார். "எவனோ வெளிய விட்டுட்டான் மாப்ளே. இந்த ஊர்ல யாரையும் நம்ப முடியல" என்று கண் கலங்கினார். மனப்பூர்வமாகத்தான் கலங்கினார். இந்த இனத்தின் விசேஷமே அதுதான். தான் சொன்னது கணக்கில் வராது. சொன்னதெல்லாம் நம்பிக்கையான ஆட்களிடம் அல்லவா?

சுருளியம்மாள் டீச்சர் அவரை மைதானத்துக்குள் விடுவதில்லை என்று முடிவு செய்தாள். பொன்னுமணிதான் தடுத்தாள். மறுநாள் அவளே ஜக்கையனைத் தேடிப் போய், அவர் பாணியிலேயே சுவரோரம் நிறுத்தி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டுச் சொன்னாள்:

"மாமா, திட்டத்தை மாத்தலை. மூணாவது பந்து மெதுவுதான். பெரியகுளத்துக்காரக கேள்விப்பட்டது சும்மா புரளின்னு நெனைக்கணும். நீங்கதான் இதைக் காப்பாத்தணும்."

ஜக்கையன் நெஞ்சில் கை வைத்தார். அன்று மாலைக்குள் திட்டம் மாறவில்லை என்ற சங்கதி ஊரில் பால்காரர் முதல் போஸ்ட்மேன் வரை சகலருக்கும் தெரிந்துவிட்டது.

ஆட்டத்துக்குப் போடியே திரண்டு வந்தது. நடுவராக வந்தவர் மதுரையிலிருந்து வந்த ஒரு வாத்தியார். முதல் பந்துக்கு முன் எங்கள் பெண்கள் இருவரும் துண்டுக்குள் கையை விட்டதும் அவர் திகைத்துப் போய்ப் பக்கத்தில் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா, யாவாரம் படிஞ்சுதா?"

"படிஞ்சிருச்சு சார்" என்றாள் பேச்சி, சிரிப்பை அடக்கிக்கொண்டு.

முதல் பந்து வேகம். இரண்டாவது வேகம். மூன்றாவதுக்குப் பெரியகுளத்துப் பெண் காலை அகட்டி நின்று, கட்டையைத் தூக்கிப் பிடித்து, சாவகாசமாகக் காத்திருந்தாள். பந்து முதல் இரண்டையும் மிஞ்சிய வேகத்தில் வந்து பேச்சியின் கையில் விழுந்தது. அந்தப் பெண் இன்னும் காத்திருந்தாள்.

எனக்குப் பக்கத்தில் ஜக்கையன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். "பிள்ளை மறந்துருச்சு மாப்ளே."

இரண்டாவது பெண்ணுக்கும் அப்படியே. மூன்றாவது பெண்ணுக்கும் அப்படியே. நீங்கள் கேட்கலாம்: மூன்று பேர் ஏமாந்தால் நாலாவது ஆளுக்குப் புத்தி வராதா? வராது. கண்ணால் பார்த்ததை எல்லோரும்தான் பார்க்கிறார்கள். காதில் ரகசியமாக விழுந்ததற்கு மதிப்பே தனி. அவர்களுடைய டீச்சர் ஓரத்தில் நின்று, "பொறு, பொறு, பதட்டத்துல தப்பாப் போடுறா, அடுத்தது மெதுவாத்தான் வரும், எனக்கு நல்லாத் தெரியும்" என்று கத்திக்கொண்டே இருந்தாள். துண்டு ஆட ஆட அவளுக்கு நம்பிக்கை கூடிக்கொண்டே போனது.

ஆனாலும் முதல் இரண்டு பந்துகளில் அவர்கள் நன்றாக அடித்தார்கள். கடைசியில் நாங்கள் ஒரே ஒரு ஓட்டம் முன்னால். அவர்கள் ஆள் ஒருத்தி மூன்றாவது மூலையில் ஓடத் தயாராக நிற்கிறாள். அடிக்க வந்தவள் அவர்களுடைய தலைவி. இரண்டு பந்து தவறிவிட்டது. இன்னும் ஒன்றே ஒன்று. எனக்குக் கத்தரிச் செடி பூத்துக் காய்த்து வரிசையாகக் கண்முன் தெரிந்தது. துண்டுக்குள் கைகள் போய், வெளியே வந்தன. பொன்னுமணியின் கை தாழ்ந்து சுழன்றது. அந்தத் தலைவி, பாவம், கடைசி வரைக்கும் ரகசியத்துக்கு விசுவாசமாக இருந்தாள்.

பேச்சி பந்தைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓடினாள். பொன்னுமணியும் ஓடினாள். ஒன்பது பெண்களும் எந்த மூலையையும் தொடவேண்டிய அவசியம் இல்லாமல், சும்மா, மூச்சு வாங்க ஓடினார்கள். வீட்டில் யாருக்கு என்ன ஆச்சு என்று ஒருவரும் கேட்கவில்லை.

கத்தரிக்காய்த் தீர்மானத்தை அடுத்த கூட்டத்தில் நானே கோடு போட்டு அடித்தேன். கூட்டம் முடிந்ததும் ஜக்கையன் கமிட்டித் தலைவரை ஓரமாக அழைத்துப் போனார். "வேணுமின்னேதான் கசிய விட்டேன். எதிராளியை ஏமாத்தணுமுன்னா அப்படித்தான் செய்யணும். பிள்ளைகளுக்கே இது தெரியாது, தெரியவும் வேணாம்" என்றார். அதே மாதிரி ஒவ்வொரு மெம்பரையும் தனித்தனியாக அழைத்துப் போனார். மறு வாரமே அவருக்கு ஒரு பாராட்டுக் கூட்டம் நடந்து, ரோஜா மாலையும் போட்டார்கள். பொன்னுமணி முன்வரிசையில் உட்கார்ந்து கைதட்டினாள். பதினெட்டு நாள் ஒன்பது பெண்கள் சேர்ந்து ஒரு விஷயத்தை வாய்க்குள்ளேயே வைத்திருந்தார்கள் என்பது அந்தக் கூட்டத்தில் யாருக்கும் தெரியாது.

எனக்கு எப்படித் தெரிந்தது என்கிறீர்களா? பேச்சி ஒருநாள் பேச்சுவாக்கில் சொல்லி, சத்தியம் வாங்கிக்கொண்டாள். நானும் வாக்குத் தவறவில்லை. வீட்டுக்காரியிடம் சொன்னேன், அது வெளியே சொன்னதாகாது. மைத்துனனிடம் சொன்னேன், அவன் அழுத்தமானவன். சுண்டல் கடைக்காரரிடம் அவராகவே கேட்டதால் சொன்னேன். நம்பிக்கையான மனிதர் என்று பார்த்து இப்போது உங்களிடமும் சொல்லியிருக்கிறேன். படித்துக்கொண்டிருக்கும்போதே, இதை முதலில் யாரிடம் சொல்வது என்று உங்களுக்கு ஒரு முகம் ஞாபகம் வந்திருக்குமே. போய்ச் சொல்லுங்கள், நான் தடுக்கவில்லை. ஆனால் அவர் முழங்கையைப் பிடித்துச் சுவரோரம் கூட்டிப் போகும்போது, உங்கள் இன்னொரு கை துண்டைத் தேடுகிறதா என்று மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.