எட்டு கோல் வாங்கிய டீமும் இன்னாத்துக்கு பாயும்

வில்லியனூர் வட்டாரத்தில் கேள்வி கேட்டே ஒரு மனிதனைக் களைத்துப் படுக்க வைக்கக்கூடியவர் ஒருவர்தான். அவர் போலீஸ்காரர் அல்ல, செருப்புக் கடைக்காரர். நிஜப் பெயர் யாருக்கும் நினைவில்லை. ‘இன்னாத்துக்கு பாய்’ என்று சொன்னால் போதும், பஸ் கண்டக்டரே சரியாகக் கடை வாசலில் இறக்கிவிடுவார்.

செருப்பு கேட்டுப் போனால் உடனே எடுத்துத் தர மாட்டார். காலில் கிடக்கும் பழசைக் கழற்றச் சொல்லி, திருப்பிப் பார்த்து, “வலது குதி மட்டும் தேஞ்சிருக்கே, இன்னாத்துக்கு?” என்பார். செல்லிப்பட்டுக்காரர் ஒருவர் இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்து, மைத்துனரோடு நடந்த வரப்புத் தகராறு வரை போய், கண்ணைத் துடைத்துக்கொண்டு வெறுங்காலோடு பஸ் ஏறிவிட்டார்.

இந்த மனிதரைத்தான் எங்கள் கால்பந்து டீமுக்கு மேனேஜர் ஆக்கினோம். பழைய மேனேஜர் துபாய்க்குப் போய்விட்டார். நாங்கள் எந்தப் பக்கம் கோல் போட வேண்டும் என்பதே பாய்க்குத் தெரியாது. ஆனால் ஜெர்சி வாங்கித் தந்தவர் அவர்தான். பதவிக்கு வேறு யாரும் போட்டி போடவும் இல்லை.

அவர் பொறுப்பேற்ற முதல் மேட்சிலேயே திருபுவனை கம்பெனித் தொழிலாளர்கள் எங்களுக்கு எட்டு கோல் போட்டார்கள். நாங்கள் ஒன்றுகூடப் போடவில்லை. நான் அப்போது லெஃப்ட் பேக். இடது பக்கம் வரும் பந்தைத் தடுக்க வேண்டியவன். முக்கால்வாசி கோல் என்னைத் தாண்டித்தான் போனது.

முடிந்ததும் புங்கமரத்தடியில் தலையைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தோம்.

“இதோட டீம கலச்சிடலாம்டா. நான் கிரிக்கெட்டுக்குப் போறேன்,” என்றான் கேப்டன் சேகர். பாதிப் பேர் தலையாட்டினார்கள்.

மேனேஜர் என்றால் இந்த நேரத்தில் கத்த வேண்டும், ரெண்டு பேரையாவது டீமை விட்டுத் தூக்க வேண்டும். பாய் யாரைத் தூக்கப்போகிறார் என்று பார்க்க ஊரே கூடிவிட்டது. அவரோ கோல்கீப்பர் முருகன் பக்கத்தில் போய்க் குந்தினார்.

“முருகா, எட்டுல எது வர்றப்ப ரொம்ப பயமா இருந்துச்சு?”

“மூணாவது பாய்.”

“நாலாவது?”

“அப்புறம் பழகிடுச்சு.”

சேகரே சிரித்துவிட்டான். பாய் சிரிக்கவில்லை. “இன்னாத்துக்குப்பா பழகுச்சு?”

முருகன் புல்லைப் பிடுங்கிக்கொண்டே சொன்னான்: “மூணு போனதுக்கப்புறம் எவனும் என்னைத் திரும்பிக்கூட பாக்கல பாய்.”

“அடுத்த மேட்சுல கோல் வுழுந்தா எல்லாரும் மொதல்ல முருகன்கிட்ட ஓடணும்,” என்று சொல்லிவிட்டு பாய் எழுந்து போனார். அடுத்த மேட்ச் உண்டு என்பதே எங்களுக்கு அப்போதுதான் தெரிந்தது.

மறுநாள் கடையைச் சீக்கிரமே சாத்திவிட்டுத் திருபுவனைக்கு பஸ் ஏறினார். ஷிஃப்ட் விடும் நேரம் கம்பெனி கேட்டில் நின்று, ஜெயித்த டீம் கேப்டனைப் பிடித்து, “தம்பி, எங்க பசங்கள எப்படிப்பா அடிச்சீங்க?” என்று கேட்டிருக்கிறார். அவனை அதுவரை யாரும் இப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது. பூரித்துப்போய், டீயும் வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டான்.

திரும்பி வந்தவர் கிரவுண்டில் நேராக என்னிடம்தான் வந்தார். “பந்து மூஞ்சிக்கு வந்தா நீ கண்ண மூடிக்கிறியாமே? அதான் உன் பக்கமாவே வந்தாங்களாம்.”

“பொய் பாய்!”

சேகர் சட்டென்று பந்தை என் முகத்துக்கு நேராகத் தட்டினான். மூடினேன்.

“இவன தூக்கிடுங்க பாய்.”

“இருடா. இன்னாத்துக்கு மூடுறான்னு பாக்கணும்ல?” மூக்குக் கண்ணாடியைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, என் இடத்தில் போய் நின்றார். “என் மூஞ்சிக்கு அடி.”

“வேணாம் பாய், வீங்கிடும்.”

“மேனேஜர் சொல்றேன், அடிடா!”

அடித்தான். தொப்பி ஒரு பக்கம், பாய் ஒரு பக்கம். ஓடிப்போய்த் தூக்கினோம். மூக்கைத் தடவிக்கொண்டே, “இவன் மேல தப்பில்லப்பா. நானும் மூடிட்டேன்,” என்றார். பிறகு, “இன்னொரு வாட்டி அடி. மெதுவா. தெறந்து வச்சிக்க முடியுதான்னு பாக்குறேன்.”

அதிலிருந்து தினமும் சாயங்காலம் நானும் அவரும் ஜோடியாக நின்று முகத்தில் பந்து வாங்கினோம். கடைக்கு வந்தவர்கள் அவர் மூக்கைப் பார்த்து அவரையே கேள்வி கேட்க ஆரம்பித்தார்கள். கிரிக்கெட்டுக்குப் போகிறேன் என்றவர்கள் வேடிக்கை பார்க்க வந்து, பந்து அடித்துக் கொடுத்து, அப்படியே தங்கிவிட்டார்கள்.

மழைக்கு முன்னால் அதே திருபுவனை டீமோடு அவர்கள் ஊரில் மறுபடி ஆடினோம். அவர்கள் ரெண்டு கோல், நாங்கள் ஒன்று. ஒவ்வொரு கோலுக்கும் பத்துப் பேரும் முருகனிடம் ஓடினோம். வேகமாக வந்த பந்து ஒன்றை நான் கண்ணைத் திறந்துகொண்டே தலையால் முட்டி வெளியே தள்ளினேன். பாய் போட்ட சத்தத்தில், நாங்கள்தான் ஜெயித்துவிட்டோம் என்று ரோட்டில் போனவர்கள் கை தட்டினார்கள்.

குட்டியானை வேனில் திரும்பினோம். டிரைவர் பக்கத்து சீட் காலியாக இருந்தும், பாய் பின்னால் ஏறி, சேறும் வேர்வையுமாக இருந்த எங்கள் நடுவே உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். எனக்குக் கை மரத்துப்போனது. ஊர் வரும் வரை அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.