கப்பலில் முகம் காட்டாத மாமனார்

இயேசு மரி சூசை துணை

உத்யான் எக்ஸ்பிரஸ்,
வாடி ஜங்ஷன் தாண்டி.

மஸ்கட்டில் இருக்கும் அன்புள்ள மாப்பிள்ளை டேரில் அவர்களுக்கு, மாமா டென்சில் எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உங்கள் அத்தை பெர்னதெத்தும் கரை சேர்ந்தோம். பேச்சுக்குச் சொல்லவில்லை, கப்பலிலிருந்து இறங்கி நிஜமாகவே கரை சேர்ந்து, பெங்களூர் ரயிலும் ஏறிவிட்டோம். நீங்களும் லீனாவும் சுகமாக இருக்க மாதாவை வேண்டுகிறோம். எழுத்து கோணலாக இருந்தால் அது ரயிலின் குற்றம்.

முதலில் முக்கியமான விஷயம். இன்று காலை கப்பல் கம்பெனியிலிருந்து உங்கள் போனுக்கு ஒரு மெசேஜ் வந்திருக்கும். அதிலிருக்கும் தொகையைப் பார்த்துவிட்டு, கார்டை யாரோ திருடிவிட்டார்கள் என்று பேங்குக்குப் போன் போட்டுவிடாதீர்கள். திருடியது நான்தான். இதை நான் போனிலேயே சொல்லியிருக்கலாம், ஆனால் பாதியில் லீனா போனைப் பிடுங்கிச் சிரிக்க ஆரம்பித்தால் எனக்குக் கோர்வை போய்விடும். அதனால்தான் கடிதம்.

நாற்பதாவது கல்யாண நாளுக்கு நீங்கள் இருவரும் கப்பல் டிக்கெட் எடுத்துக் கொடுத்ததில் எங்களுக்கு ரொம்பப் பெருமை. மும்பையில் ஏறி, லட்சத்தீவும் கொச்சியும் பார்த்துவிட்டுத் திரும்ப மும்பை. லிங்கராஜபுரத்தில் எங்கள் தெருவிலிருந்து கப்பல் ஏறிய முதல் ஆள் நான்தான். ஆனால் ஏறுகிற இடத்திலேயே கவுண்டரில் இருந்த பெண் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டாள். கப்பலுக்குள் ரொக்கம் செல்லாதாம். எது வாங்கினாலும் ரூம் கார்டை நீட்ட வேண்டுமாம், அது டிக்கெட் எடுத்தவருடைய கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளுமாம். டிக்கெட் எடுத்தவர் யார்? மாப்பிள்ளை! எங்கள் வம்சத்தில் பெண் கொடுத்த இடத்தில் ஒரு சோடா குடித்தவன் கிடையாது. என் அப்பா கே.ஜி.எப்.பில் அக்காவைக் கட்டிக்கொடுத்த வீட்டுக்குப் போனால் குடிதண்ணீரைக் கூஜாவில் கொண்டுபோவார். ஒருமுறை சம்பந்தியம்மா விசிறியை நீட்டியபோது அதையும் வாங்காமல் தன் சட்டை நுனியாலேயே விசிறிக்கொண்டார். அவர் பெற்ற பிள்ளை நான். ஏணிப்படியில் கால் வைக்கும்போதே, மாப்பிள்ளை தலையில் ஒரு பைசா ஏறாமல் இறங்கினால் மெழுகுவத்தி ஏற்றுகிறேன் என்று சிவாஜிநகர் மாதாவுக்கு நேர்ந்துகொண்டேன்.

அந்தக் கார்டுதான் ரூம் கதவையும் திறக்கிறது. தொட்டதும் 'பீப்' என்று ஒரு சத்தம். காசு பிடுங்குகிற கார்டு சத்தம் வேறு போடுகிறதென்றால் என்ன அர்த்தம்? திறக்கும் ஒவ்வொரு தடவைக்கும் உங்கள் கணக்கில் ஏறுகிறது. பீன்யா வால்வு கம்பெனி ஸ்டோர்ஸிலேயே ஆயுளைக் கழித்தவனுக்கு இது கூடவா புரியாது? முதல் தடவை திறந்ததோடு சரி, அதற்குப் பிறகு கதவு சாத்தாமல் இருக்க என் ரப்பர் செருப்பில் ஒன்றை இடுக்கில் செருகிவிட்டேன். மிச்சமிருந்த ஒரு செருப்போடு கப்பல் முழுக்க நடந்தேன். சாப்பாடு டிக்கெட்டிலேயே சேர்த்தி என்பது தெரியாததால் முதல் நாள் பூராவும் உங்கள் அத்தை கொண்டுவந்த நிப்பட்டுத் தட்டையும் கோடுபளை முறுக்கும்தான் எங்களுக்கு ஆகாரம்.

சாயங்காலம் ரூமுக்கு வந்தால் கட்டில் மேல் ஒரு யானை நிற்கிறது. ரூமைச் சுத்தம் செய்கிறவர் துண்டை மடித்துத் தும்பிக்கையோடு செய்து, காகிதத்தில் இரண்டு பெரிய கண்ணும் வெட்டி ஒட்டியிருந்தார். "ஐயோ, எவ்ளோ அழகா இருக்குது பாருங்க" என்றாள் அத்தை. அழகுக்குத்தானே தனி சார்ஜ் போடுவார்கள்? யானையைத் தூக்கிக்கொண்டுபோய் அடுத்த ரூம் வாசலில் வைத்துவிட்டு வந்தேன். கொஞ்ச நேரத்தில் அடுத்த ரூம்காரர் யானையோடு வந்தார். நாங்கள் அன்பளிப்பு கொடுத்தோம் என்று நினைத்து, பதில் மரியாதையாகத் தங்கள் ரூம் குரங்கையும் கொண்டுவந்திருந்தார். இவர்தான் ராகேஷ். எச்.எஸ்.ஆர். லேஅவுட்டில் கம்பெனி வைத்திருக்கிறார், மனைவி பெயர் மமதா. உங்களுக்குப் பதிலாக இன்னொருவரை க்யூவில் நிற்க அனுப்புகிற ஆப் ஒன்றுதான் அந்தக் கம்பெனியின் தொழிலாம். இந்த ராகேஷை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது போட்டோ விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஹாலில் திரு இருதயப் படத்துக்குக் கீழே மாட்டியிருக்கும் கல்யாணப் படம் உங்களுக்குத் தெரியும். அதில் உங்கள் அத்தை ராணி மாதிரி நிற்கிறாள், நான் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறேன். அன்றைக்கு எடுத்த அத்தனை படத்திலும் அப்படித்தான், எனக்கு பிளாஷ் ஒத்துக்கொள்ளாது. லீனாவைப் பெண் பார்க்க வந்த அன்று உங்கள் அம்மா அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "பொண்ணோட அப்பாவுக்கு அப்போவே உடம்பு சரியில்லையா?" என்று கேட்டது எனக்கு இன்னும் மறக்கவில்லை. அத்தை எதற்கும் வாய் திறந்து கேட்கிறவள் இல்லை. கப்பல் டிக்கெட் வந்த அன்று மட்டும் ஒன்று கேட்டாள். "எனக்கு வேற ஒண்ணும் வேணாங்க. கப்பல்ல நீங்க கண்ணைத் தொறந்துகிட்டு எம் பக்கத்துல நிக்கிற மாதிரி ஒரே ஒரு போட்டோ." சரி என்று சொன்னேன். என் போனிலேயே எடுத்துவிடலாம் என்று நினைத்தேன், ஆனால் அதில் நான் எடுத்தால் என் கட்டைவிரல் மட்டும்தான் தெளிவாக விழுகிறது.

அந்தக் கப்பலில் போட்டோ எடுப்பதற்கென்றே ஒரு பெண்ணை வைத்திருக்கிறார்கள். பிரபா என்று பெயர், நம் பொம்மனஹள்ளிப் பெண். நாங்கள் பேசும் தமிழைக் கேட்டதும், "அங்கிள், ஆன்ட்டி, நம்ம ஊரா நீங்க? இங்க பாருங்க, ஸ்மைல்!" என்று காமிராவைத் தூக்கிவிட்டாள். கல்யாணமான புதிதில் லால்பாக் கண்ணாடி மாளிகை முன்னால் ஒருவன் கேட்காமலே எங்களைக் கிளிக் செய்துவிட்டு, காசு கேட்டு டபுள் ரோடு வரை துரத்தி வந்தான். அன்றிலிருந்து எனக்குத் தெரியும், முகம் விழுந்தால் காசு. திரும்பி வந்த யானையைப் பிரித்துத் தோளில் போட்டிருந்தேன், அந்தத் துண்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். அந்தப் பெண்ணும் விடவில்லை. நீச்சல் குளத்தில் வந்தாள், சாப்பாட்டு ஹாலில் வந்தாள், சூரியன் மறைகிற நேரத்தில் மேல்தளத்தில் வந்தாள், நண்டு வேஷம் போட்ட ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டும் வந்தாள். நண்டு என் கையைப் பிடித்துக்கொண்டது, இருந்தாலும் இன்னொரு கையால் துண்டைப் போட்டுவிட்டேன்.

இதை எல்லாம் ராகேஷ் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். ஒருநாள் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "சார், கொத்தாயித்து" என்றார். தெரிந்துவிட்டது என்று கன்னடத்தில் சொல்கிறார். "நீங்க வாயே தொறக்க வேணாம். ரகசியம் என்கிட்டயே இருக்கும்." என் செருப்பு தந்திரம்தான் வெளியே தெரிந்துவிட்டது என்று நினைத்து, "தயவுசெஞ்சி யாருக்கும் சொல்லிடாதீங்க" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். வந்தது வினை. அவர் நினைத்தது வேறு. பெரிய கம்பெனியை விற்றுவிட்டு யார் கண்ணிலும் படாமல் வாழ்கிற பெங்களூர் கோடீஸ்வரர் நான் என்று அவரே முடிவு கட்டிவிட்டார். முகத்தைக் காட்டுவதில்லை, ரூமைப் பூட்டுவதில்லை, ஒற்றைச் செருப்போடு நடக்கிறார், முதல் நாள் கப்பல் சாப்பாட்டையே தொடாமல் பையிலிருந்து நிப்பட்டு எடுத்துக் கடித்தார், இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அன்று மாலைக்குள் அந்த ரகசியம் கப்பல் முழுக்கப் பரவிவிட்டது.

மறுநாளிலிருந்து என் நாற்காலிக்கு லெமன் ஜூஸ் வந்தது, இளநீர் வந்தது, முந்திரி வந்தது. எல்லாம் அவரவர் கார்டில். மூத்த குடிமகனுக்குக் காட்டும் மரியாதை என்று நினைத்துத் துண்டுக்கு அடியில் ஸ்ட்ராவை விட்டுக் குடித்தேன். அடுத்தவர் கணக்கில் குடிக்க மாட்டேன் என்று நான் மாதாவிடம் நேர்ந்துகொள்ளவில்லையே! ராகேஷ், "தொழில் நடத்தறவனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்" என்றார். எனக்குத் தெரிந்த தொழில் ஒன்றுதான். "பழைய வாஷரைத் திருப்பிக் கொண்டுவராதவனுக்குப் புது வாஷர் கொடுக்காதீங்க" என்றேன். அவர் வெகுநேரம் கடலையே பார்த்துவிட்டு, "கஸ்டமர் ரிடென்ஷன்" என்று முணுமுணுத்தார், வாடிக்கைக்காரரை விட்டுவிடாமல் பிடித்து வைப்பதாம். மமதா அதைப் போனில் எழுதிக்கொண்டாள். மறுநாள் காலையில் என் நாற்காலிக்கு முன்னால் வரிசை நின்றது, அந்த வரிசையை ராகேஷே ஒழுங்குபடுத்தினார்.

கடைசியில் உங்கள் அத்தைதான் உடைத்துச் சொன்னாள். "என்னாங்க, உங்களை யாரோ பெரிய பணக்காரர்னு நெனச்சிகிட்டு இருக்காங்க இந்த ஜனங்க." எனக்குப் பயமாகவும் இருந்தது, மறைக்காமல் சொன்னால் கொஞ்சம் பிடித்தும் இருந்தது. ஆனால் இனிமேல் துண்டை எடுத்தால் ஜூஸ் நிற்கும், குடித்த ஜூஸுக்குக் கணக்கும் கேட்பார்கள். ஆகவே துண்டை இன்னும் இறுக்கிக்கொண்டேன்.

கடைசி நாள் மத்தியானம் அத்தையைக் காணோம். தேடிக்கொண்டு போனால், எடுத்த போட்டோக்களை எல்லாம் ஒட்டி வைக்கிற சுவருக்கு முன்னால் தனியாக நிற்கிறாள். சுவரில் வரிசையாக நாங்கள்தான். ஒவ்வொன்றிலும் அவள் பட்டுப்புடவையிலும் பூப்போட்ட புடவையிலும் வாய் நிறையச் சிரிக்கிறாள், பக்கத்தில் ஒரு துண்டு. துண்டில் யானையின் காகிதக் கண்கள் இரண்டும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நான் வந்ததைப் பார்த்துவிட்டு, "பாருங்க, எல்லாத்துலயும் கண்ணு தொறந்துதான் இருக்குது. யானைக் கண்ணு" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "நாப்பது வருஷம் தூங்கற புருஷனோட இருந்தேன். இப்ப மூஞ்சியே இல்லாத புருஷன்" என்றாள். மாப்பிள்ளை, அவள் கேட்டது ஒன்றே ஒன்று, அதைக்கூட நான் கொடுக்கவில்லை. அப்போதுகூடத் துண்டை எடுக்காமல் அவள் பின்னாலேயே ரூமுக்கு நடந்து வந்தேன்.

அன்று ராத்திரி சாப்பாட்டு ஹாலில் எங்கள் கல்யாண நாளுக்கென்று கேக் கொண்டுவந்தார்கள், மைக்கில் அறிவித்தார்கள். கோடீஸ்வரருக்குக் கல்யாண நாள் என்றதும் ஹாலே எழுந்து நின்று கை தட்டியது. பிரபா காமிராவோடு ஓடி வந்தாள். உடனே ராகேஷ் பாய்ந்து குறுக்கே நின்று, இரண்டு கையையும் விரித்து, "நோ போட்டோஸ்! சாரோட பிரைவசி!" என்று கத்தினார். பிரபா பின்வாங்கிவிட்டாள். அத்தை தலையைக் குனிந்துகொண்டு கேக்கின் மேலிருந்த செர்ரிப் பழத்தை விரலால் நகர்த்திக்கொண்டிருந்தாள். என்னால் தாங்க முடியவில்லை. துண்டை உருவி வீசினேன். "நான் கோடீஸ்வரனும் இல்ல, ஒண்ணும் இல்ல! டென்சில்! பீன்யா ஸ்டோர்ஸ், ரிடையர்டு! மூஞ்சி விழுந்தா மாப்பிள்ளை கார்டுல காசு ஏறும்னு மூடிகிட்டேன்! ஏறட்டும்! எடும்மா போட்டோ!"

மமதாதான் முதலில் பேசினாள். "அப்போ அந்த வாஷர் பத்திச் சொன்னீங்களே, அது?" "அது வாஷரைப் பத்திதான்மா" என்றேன். ராகேஷ் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார், அந்த வாக்கியத்தை ஆபீஸ் சுவரில் பெரிய எழுத்தில் பெயிண்ட் அடிக்கச் சொல்லி அன்று காலைதான் அனுப்பியிருந்தாராம். பிரபா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். "ஐயோ அங்கிள், எடுக்கறதுக்குக் காசே கெடையாது! புடிச்சிருந்தா வாங்கிக்கலாம், இல்லாட்டி நாங்களே கிழிச்சிடுவோம்." மெல்லிய குரலில், "கதவைத் தொறக்கறதுக்கு?" என்று கேட்டேன். "கதவுக்கு யாராச்சும் காசு வாங்குவாங்களா அங்கிள்?" என்றாள். மாப்பிள்ளை, அந்த நேரத்தில் கடல் பக்கமாக ஒரு கதவு திறந்திருந்தால் நான் அப்படியே போயிருப்பேன்.

அத்தையின் பக்கத்தில் நின்று, மூச்சை அடக்கி, கண்ணை எவ்வளவு முடியுமோ அவ்வளவு அகலமாகத் திறந்தேன். பிரபா ஒரே ஒரு கிளிக்தான் எடுத்தாள், அதற்குள் அவளை வேறு மேஜைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். இருக்கிறதிலேயே பெரிய சைஸ், தேக்கு பிரேம் என்று சொல்லிவிட்டு, உங்கள் கணக்கில் ஏறுகிற அந்த ரூம் கார்டை நானே என் கையால் நீட்டினேன். நான் துண்டால் முகத்தை மூடிய படங்களையும் கிழிக்க விடமாட்டேன் என்றாள் அத்தை, அவையும் சேர்ந்துதான் அந்த மெசேஜில் இருக்கும் தொகை. மற்றபடி ஒரு தண்ணீர் பாட்டில்கூட அதில் கிடையாது. படத்தை இறங்கும்போதுதான் ஒட்டின கவரில் கொடுத்தார்கள். வீட்டில் திரு இருதயப் படத்துக்கு முன்னால்தான் பிரிக்க வேண்டும் என்று அத்தை அதை மடியிலேயே வைத்துக்கொண்டு இதோ எதிர் சீட்டில் தூங்குகிறாள்.

இந்தத் தொகையை என் பென்ஷனிலிருந்து மாதாமாதம் அனுப்பிவிடுவேன், வேண்டாம் என்று சொல்லி என்னை அவமானப்படுத்தக் கூடாது. இன்னொன்று, கையெடுத்துக் கேட்டுக்கொள்கிறேன், இந்த ஜென்மத்தில் எங்களை மறுபடியும் கப்பலில் அனுப்பாதீர்கள். நந்தி மலை போதும். அங்கே கதவும் இல்லை, கார்டும் இல்லை.

உங்களையும் லீனாவையும் குடும்ப ஜெபத்தில் தினமும் சேர்த்துக்கொள்கிறோம். உங்கள் அம்மாவுக்கு என் ஸ்தோத்திரம் சொல்லுங்கள், பெண்ணின் அப்பாவுக்கு உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது என்றும் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அன்புள்ள மாமா,
டென்சில்

பி.கு.: வீடு வந்து சேர்ந்து கவரைப் பிரித்தோம். என் இரண்டு கண்ணும் திருடனை டார்ச் அடித்துப் பிடித்த மாதிரி அகலத் திறந்திருக்கின்றன. ஆனால் உங்கள் அத்தை, என் முழியைப் பார்த்துச் சிரித்தாளோ என்னவோ, கண்ணை மூடிவிட்டாள். ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டு, அடுத்த சீசனுக்கு அதே கப்பலில் இரண்டு டிக்கெட் எடுக்கவும். பிரபா இருக்கிறாளா என்று கேட்டுக்கொண்டு எடுக்கவும். எல்லாம் உங்கள் கார்டிலேயே போகட்டும். இதை அத்தையிடம் சொன்னேன். அவள் அதற்குள் நாற்காலி போட்டு ஏறி, கல்யாணப் படத்துக்குப் பக்கத்திலேயே புதுப் படத்தையும் மாட்டிவிட்டாள். "எதுக்குங்க இன்னொண்ணு? நாப்பது வருஷம் நான் முழிச்சிகிட்டு இருந்தேன். இனிமே நீங்க முழிச்சிருங்க, நான் தூங்கறேன்" என்கிறாள்.