முந்தி எடுத்த மெடிக்கல்

பிந்துவது பாவம் என்று எங்கள் வீட்டில் சொல்லித் தந்தார்கள். முந்துவதிலும் ஆபத்து உண்டென்று ஒருவரும் சொல்லவில்லை. அப்பா யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். ஞாயிறு ஆராதனைக்கு எங்களைக் கூட்டிக்கொண்டு போனால், தேவாலயக் கதவைத் திறக்கிற ஆள் எங்களுக்குப் பிறகுதான் வருவார். அந்த இரத்தம்தான் என் உடம்பிலும் ஓடுகிறது.

என் கணவர் ரூபனின் ஊர் உடுப்பிட்டி, இருப்பது கனடாவில், ரொறன்ரோவில். கலியாணம் முடிந்து அவர் திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் கடைசியாகச் சொன்னது காதல் வசனம் அல்ல.

“உம்மைக் கூப்பிட நான் அங்க போய்த்தான் ஸ்பொன்சர் பைல் போடவேணும். விசாவுக்கான மெடிக்கலுக்கு மட்டும் இப்ப போகாதையும். கனடாவிலையிருந்து கேட்டு எழுதுவினம், அப்ப போனாக் காணும்.”

“ஓம்” என்றேன். அது மனதால் சொன்ன ஓம்தான். ஆனால் ஊருக்கு வந்ததும் பக்கத்து வீட்டு மலர் அக்கா, “மெடிக்கலை முதலே எடுத்து வைச்சால் பைல் பறக்குமாம்” என்றார். (அவருடைய பைல் எதுவும் எங்கும் பறந்ததில்லை. அதை நான் யோசிக்கவில்லை.) அப்பாவிடம் கேட்டேன்.

“நல்ல காரியத்தை ஏன் பிந்துவான்?” என்றார் அப்பா.

ரூபனுக்குச் சொல்லாமல் இருவரும் கொழும்புக்குப் போனோம். எக்ஸ்றே அறையில் ஒருவர் என்னைப் பலகையோடு நெஞ்சை அணைத்து நிற்கவைத்து, “மூச்சை இழுத்துப் பிடியுங்கோ” என்றுவிட்டு உள்ளே போனார். பிடித்தேன். “விடுங்கோ” என்று அவர் உள்ளிருந்து சொன்னது எனக்குக் கேட்கவில்லை. கனடா என்ற நாடே என் மூச்சில் தொங்குவதாக நினைத்துப் பிடித்துக்கொண்டே நின்றேன். அவர் திரும்பி வந்தபோது நான் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தேனாம்.

ஊருக்கு வந்த கையோடு ரூபனுக்குப் போன் எடுத்தேன்.

“எடுத்தாச்சு!”

“என்னத்தை?”

“மெடிக்கலை. எல்லாம் பாஸ்.”

லைன் அறுந்துவிட்டதென்று “ஹலோ, ஹலோ” என்று கத்தினேன்.

“நான் இன்னும் பைலே போடேல்லையப்பா” என்றார் கடைசியில். “உந்த மெடிக்கல் ஒரு வருசத்துக்குத்தான் செல்லும்.”

“ஒரு வருசம் எண்டால் கனக்கத்தானே?”

கனக்க இல்லை. பிறப்புச் சான்றிதழில் என் பெயர் ஒரு விதமாகவும் கலியாணப் பதிவில் இன்னொரு விதமாகவும் இருந்ததைத் திருத்தவே பாதி வருசம் போயிற்று. பிறகு பைல் போனது. போன இடத்தில் படுத்தது. பொறுக்கமாட்டாமல் ரூபன் டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு லீவு போட்டு வந்தார். உடுப்பிட்டிக்கும் வட்டுக்கோட்டைக்குமாக மோட்டார் சைக்கிளில் திரிந்தோம். அவர் திரும்பிப் போய்க் கொஞ்ச நாளில் விசா அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. மற்றதெல்லாம் சரி, மெடிக்கல் மட்டும் காலாவதி, திரும்ப எடுக்கவும்.

இனி ஒரு எக்ஸ்றேதானே என்று நினைத்தேன். படிப்பித்த பாலர் பாடசாலையில் வேலையை விட்டேன். பிரியாவிடை வைத்து, ஒரு சுவர்க்கடிகாரமும் தந்து, அழுது அனுப்பினார்கள். சூட்கேசையும் கட்டிப் பூட்டிவிட்டேன். (சொன்னேனே, இரத்தம்.)

இரண்டாம் தரம் கொழும்புப் பயணத்தில் பஸ் புறப்பட்டுக் கொஞ்சத் தூரத்தில், கைதடி தாண்டும்போதே சத்தி எடுக்கத் தொடங்கினேன். அப்பா டிரைவரைத் திட்டிக்கொண்டு தோடம்பழம் உரித்துத் தந்தார். அதுவும் வெளியே வந்தது.

டொக்டர் அம்மா வயதானவர், நல்ல தமிழ் கதைத்தார். சிறுநீர்ப் பரிசோதனை முடிவைப் பார்த்துவிட்டு அப்பாவையும் உள்ளே கூப்பிட்டார். அப்பாவின் முகம் வெளிறிவிட்டது.

“என்ன வருத்தம் டொக்டர்? மறைக்காமல் சொல்லுங்கோ.”

“வருத்தம் ஒண்டுமில்லை ஐயா. நீங்கள் தாத்தா ஆகப்போறியள்.”

அப்பா விரல்களில் மாதங்களை எண்ணினார். பிறகு கணக்கு வாத்தியார் குரலில், “அப்ப எக்ஸ்றே?” என்றார்.

“பிள்ளை பிறந்த பிறகு எடுக்கலாம். அதுவரைக்கும் பைல் காத்திருக்கும்.”

வாசலில் நின்று ரூபனுக்குப் போன் எடுத்தேன்.

“மெடிக்கல் பாஸோ?” என்றார்.

“ஒராள் எண்டு போனன். ரெண்டு பேர் எண்டு சொல்லுகினம்.”

“ரெண்டு பேரோ?” என்று கேட்டார். பிறகு சிரித்தார், பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. நானும் அழுதேன். அது சந்தோசமா, இன்னும் ஒரு வருசம் பிரிந்திருக்கவேண்டுமே என்ற துக்கமா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அப்பா மட்டும் பக்கத்தில் நின்று பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றார்.

பாடசாலைக்குத் திரும்பிப் போனதுதான் பெரிய வெட்கம். அதிபரிடம் கடிகாரத்தைத் திருப்பித் தரவா என்று கேட்டேன்.

“வைச்சிருங்கோ” என்றார். “அடுத்த பிரியாவிடைக்கு வேற கடிகாரம் வாங்கேலாது.”

மகள் பிறக்கும்போது ரூபன் வந்து நின்றார். சாயி என்று பெயர் வைத்தோம். அவர் திரும்பிப் போனபின் அவளை இரவில் தோளில் போட்டு நடந்தவர் அப்பா. குளிக்கவார்த்துச் சாம்பிராணி பிடித்தவர் அம்மா. விசா நேரத்துக்கு வந்திருந்தால் அந்த மாதங்கள் அவர்களுக்குக் கிடைத்திருக்காது. அதை நினைத்தால் மலர் அக்காவுக்கு நன்றி சொல்லத் தோன்றும்.

மூன்றாம் பயணத்துக்கு அப்பா கறாராகிவிட்டார். “கேட்டு எழுதினவையோ? ரூபன் ஓம் எண்டவரோ?” என்று இரண்டையும் உறுதிப்படுத்திய பிறகுதான் சேட்டுப் போட்டார். இம்முறை சாயிக்கும் மெடிக்கல். குழந்தையிடம் சிறுநீர் கேட்கமாட்டார்கள். அவள் தானாகவே கொடுத்தாள், டொக்டர் அம்மாவின் வெள்ளைக் கோட்டில்.

இப்போது ரொறன்ரோவில் இருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் யாராவது அவசரப்பட்டு ஒன்றைச் செய்தால் “மெடிக்கல் எடுத்திட்டார்” என்பார்கள். பழுக்காத பலாவை அப்பா வெட்டினால் அம்மா போனில் சொல்லுவார், “கொப்பர் இண்டைக்கும் மெடிக்கல் எடுத்தவர்.” அதைக் கேட்டே வளர்ந்த சாயிக்கு அது நல்ல தமிழ்ச்சொல் என்ற நினைப்பு. போன கிழமை தமிழ் வகுப்பில் ‘அவசரப்படுதல்’ என்பதற்குக் கருத்து எழுதச் சொல்லியிருக்கிறார்கள். ‘மெடிக்கல் எடுத்தல்’ என்று எழுதியிருக்கிறாள். ரீச்சர் பெரிதாய்ப் பிழை போட்டிருந்தார்.

ரூபன் சிவப்புப் பேனையை எடுத்து, பக்கத்திலேயே ஒரு சரி போட்டுவிட்டார்.