பன்னீர் திராட்சை ரசம்

கம்பம் பள்ளத்தாக்கிலேயே மோசமான சமையல்காரன் என்று பேர் வாங்கிவிடுவது என ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் முடிவெடுத்தேன். சும்மா எடுக்கவில்லை. என் ஞாயிற்றுக்கிழமையே பறிபோக இருந்தது.

முதலில் அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். வாரம் முழுக்கக் கம்பத்தில் என் உரக்கடையில் உட்கார்ந்து பூச்சிமருந்து வாசம் பிடிக்கிறவன் நான். ஞாயிறு வந்தால் வாழைக்காய் மண்டி ராஜா முகம்மதுவின் ஜீப்பில் ஏறி, மலைப்பாதையில் வளைந்து வளைந்து குமுளிக்குப் போவேன். அங்கே குளிரில் நின்று பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி ஒன்று, பால் விடாத கட்டன் சாயா ஒன்று. ஏலக்காய் வியாபாரிகளோடு கொஞ்சம் ஊர் நியாயம். சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வீடு. ஆண்டவன் மலையைப் படைத்ததே இதற்காகத்தான் என்பது என் கருத்து.

என் மனைவி அனுசுயாவின் கருத்து வேறு. அவள் உத்தமபாளையத்தில் தாலுகா ஆபீசில் வேலை பார்க்கிறாள். அன்றைக்கு பஸ்ஸை விட்டு இறங்கி வந்தவள், கைப்பையை ஆணியில் மாட்டிய கையோடு சொன்னாள்.

"இனிமே ஞாயித்துக்கிழமை மத்தியானச் சமையல் உங்களோடது."

"எனக்குச் சமைக்கத் தெரியாதே!"

"எனக்கு மட்டும் தெரியுமா, கட்டிக்கிட்டு வந்தப்ப? பழகலையா?"

அதுவும் உண்மைதான். கல்யாணமாகி வந்த புதிதில் அவள் முதன்முதலாக ஒரு புளிக்குழம்பு வைத்தாள். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். அவள் இட்ட உப்புக்கு ஏழு பிறவிக்கும் நினைக்கலாம். வீடே தண்ணீர்ச் செம்பைத் தேடி ஓடியது. நான் ஒருவன்தான் ஓடவில்லை. தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, எல்லார் முன்னாலும் "அமிர்தம்!" என்றேன். அப்போது அவள் என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அதை இன்னும் நான் மறக்கவில்லை. காதல்தான், வேறென்ன?

அந்தக் காதலெல்லாம் இப்போது செல்லாது என்று தெரிந்ததும் ராஜா முகம்மதுவிடம் ஓடினேன். அவன் வாழைத்தார்களுக்கு நடுவே சாய்ந்துகொண்டு என் கதையைக் கேட்டான்.

"அட மாப்ளே, முடியாதுன்னு சொன்னாத்தான் சண்டை. சரின்னு சொல்லு. சொல்லிட்டு, வாயில வைக்க முடியாதபடிக்கு ஒரே ஒரு தடவை சமைச்சுப் போடு. அப்புறம் ஆயுசுக்கும் அடுப்படிப் பக்கம் கூப்பிட மாட்டாக."

"நீ அப்படித்தான் தப்பிச்சியா?"

"நாம எதுக்கு அங்கன போகப்போறோம்?" என்று தாடியைத் தடவினான். அந்தத் தாடியில் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

ஞாயிற்றுக்கிழமை அடுப்படிக்குள் நுழைந்தேன். ரசம் வைப்பதாகத் திட்டம். கெடுப்பதற்கு ரசத்தைப் போல வசதியான பண்டம் வேறு கிடையாது. உரக்கடைக்காரன் வீட்டில் திராட்சைக்குப் பஞ்சமில்லை. மழையில் வெடித்துப்போய் மண்டியில் எடுக்காத பன்னீர் திராட்சையைத் தோட்டக்காரர்கள் பெட்டியோடு கடையில் வைத்துவிட்டுப் போவார்கள். புளி டப்பாவைத் தள்ளி வைத்துவிட்டு, அந்தத் திராட்சையைக் கொட்டையோடு பிசைந்து ஊற்றினேன். ரசப்பொடிக்குப் பதில் கோழிக்கறி மசாலா. மணத்துக்கு ஒரு கை ஏலக்காய். தாளித்து இறக்கினால், ரசம் கத்தரிக்காய் நிறத்தில் நுரை தள்ளிக்கொண்டு நின்றது. எனக்கே பயமாக இருந்தது.

அனுசுயா ஒரு கரண்டி எடுத்து உள்ளங்கையில் விட்டு உறிஞ்சினாள். மனு வாங்கி வாங்கிப் பழகிய முகம் அவளுக்கு. உள்ளே என்ன நடக்கிறதென்று வெளியே தெரியாது.

"ஏ ஆத்தாடி!" என்றாள்.

"நல்லா இல்லையா?" என்றேன் ஆசையாக.

"இதை நாம மட்டும் சாப்பிட்டா பாவம் மாமா. தெருவுக்கே கொடுக்கணும்."

நான் வாயைத் திறப்பதற்குள் வீட்டிலிருந்த கிண்ணங்களெல்லாம் ரசத்தோடு படியிறங்கிவிட்டன. மெகருன்னிசா வீட்டுக்கு ஒன்று. அவள்தான் ராஜா முகம்மதுவின் பெண்டாட்டி. எதிர்வீட்டுச் சங்கிலியம்மா சித்திக்கு ஒன்று. மூலைவீட்டு ஜாஸ்பர் சாருக்குப் பெரிய கிண்ணமாக ஒன்று.

எங்கள் தெருவில் ஒரு சட்டம் உண்டு. ஒரு வீட்டுக் கிண்ணம் இன்னொரு வீட்டுக்குப் போனால் வெறுமனே திரும்பக் கூடாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு கரண்டி சீனியாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். அன்றைக்கோ ஞாயிற்றுக்கிழமை. எந்த வீட்டில் சீனி போடுவார்கள்? மெகருன்னிசா வீட்டிலிருந்து பிரியாணி வந்தது. சித்தி வீட்டிலிருந்து நாட்டுக்கோழிக் குழம்பு வந்தது. ஜாஸ்பர் சார் வீட்டிலிருந்து வறுத்த மீன் வந்தது.

பிரியாணியைக் கொண்டுவந்த மெகருன்னிசா வாசலிலேயே நின்று சொன்னாள்:

"அண்ணே, இப்படி ஒரு ரசத்தை என் ஆயுசுல குடிச்சதில்ல!"

யார்தான் குடித்திருப்பார்கள்? ஆனாலும் பாருங்கள், எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. கெடுக்கப் போனவன் கையிலேயே இவ்வளவு ருசி என்றால், ஒழுங்காக இறங்கினால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொண்டே சாப்பிட உட்காரப் போனேன்.

"சமைச்சவுக கடைசியிலதான் சாப்பிடணும்" என்றாள் அனுசுயா. "போய் அடுப்பைத் துடைச்சுட்டு வாங்க."

துடைத்துவிட்டு வந்தேன். பிரியாணிக் கிண்ணத்தில் ஒரு கிராம்பு கிடந்தது. மீன் தட்டில் முள் இருந்தது.

"உங்க ரசம் பூராவும் காலியாகப் பாத்துச்சு. நான்தான் உங்களுக்குன்னு ஒரு சட்டி எடுத்து மறைச்சு வச்சேன்" என்று அன்பாக ஊற்றினாள். நான் குடித்தேன். என் பெருமை முதல் வாயிலேயே இறங்கிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விடவில்லை. அதே திராட்சை ரசத்தில் கருவாட்டுத் தலையைப் போட்டேன். போன தடவையைவிட அதிகக் கிண்ணங்கள் படியிறங்கின. அதைவிட நல்ல குழம்புகள் படியேறின. அனுசுயா ஆட்டுக்கால் எலும்பை உறிஞ்சியபடி, "உங்க கைக்கு ஒரு மோதிரம் போடணும் மாமா" என்றாள். நான் கருவாட்டுத் தலையோடு முகத்துக்கு முகம் உட்கார்ந்திருந்தேன்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் வாசலில் உட்கார்ந்து திராட்சையைப் பிசைந்துகொண்டிருக்கும்போது, சங்கிலியம்மா சித்தியின் வீட்டுக்காரர் அம்மாவாசி சித்தப்பா வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏலே ராஜபாண்டி! என்னத்தடா கொடுத்து விடுற? கழனித்தொட்டியில ஊத்தினா, எருமை மோந்து பாத்துட்டு என்னையவே முறைக்குதுடா!"

"சித்தி நல்லாருக்குன்னு சொன்னாகளே?"

"கொடுத்து விட்டதைக் குத்தம் சொல்ல முடியுமாடா? அது கெடக்கட்டும். 'எதிர்வீட்டுத் தம்பி சமைக்குது, நீயும் ஒரு ஆம்பளையா இருக்கியே'ன்னு இன்னைக்கு என்னைய மீன் கழுவ விட்டுட்டா!"

கையைக் காட்டினார். முழங்கை வரைக்கும் செதிள். அவர் பின்னாலேயே ராஜா முகம்மது வந்தான். கண்ணெல்லாம் சிவந்து தண்ணீராக ஊற்றியது. யார் செத்தார்களோ என்று பதறிவிட்டேன்.

"சின்ன வெங்காயம் மாப்ளே" என்றான். "ஒரு படி உரிச்சிருக்கேன். இன்னும் கிடக்குது."

"குமுளிக்குப் போகலையா?"

"ஜீப்பா? பானெட்டு மேல மெகருன்னிசா வத்தல் காயப் போட்டிருக்கா. எடுக்கப் பிடாதுன்னு உத்தரவு." தாடியில் ஒட்டியிருந்த வெங்காயத் தோலை எடுத்துவிட்டுக்கொண்டான். "நீ உண்மையை ஒத்துக்கிட்டாத்தான் நாங்க பிழைப்போம். போய்ச் சொல்லு."

எனக்கும் வேறு வழியில்லை. என் பழம்பொரி மலைக்கு அந்தப் பக்கம் ஆறிக்கொண்டிருந்தது. திராட்சைக் கையைக் கழுவிக்கொண்டு உள்ளே போனேன். அனுசுயா காலை நீட்டி உட்கார்ந்து, அன்றைக்கு அனுப்ப வேண்டிய கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அனுசுயா, ஒரு உண்மையைச் சொல்றேன். கோவிச்சுக்காத. நான் வேணும்னேதான் ரசத்தைக் கெடுத்தேன்."

"தெரியும்."

"எப்படி?"

"புளி டப்பா கண்ணுக்கு நேரா இருக்கு. அதைத் தள்ளி வச்சுட்டுத்தானே திராட்சைப் பெட்டியை எடுத்தீக? வராண்டாவுல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன்."

"தெரிஞ்சுமா பாராட்டின?"

அவள் துடைத்த கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"நான் வந்த புதுசுல புளிக்குழம்புல உப்பை அள்ளிப் போட்டேன், ஞாபகம் இருக்கா?"

"சமைக்கத் தெரியாமப் போட்ட."

"யாரு சொன்னா? எங்க வீட்டுல விருந்துன்னா நான்தான் குழம்பு வைப்பேன். வேணும்னேதான் போட்டேன். எல்லாரும் தண்ணி குடிக்க ஓடினாக. உங்க அம்மா, 'தாயி, இனி நீ அடுப்படிக்கே வராத'ன்னு சொல்ல வாயைத் தொறந்துட்டாக. தப்பிச்சோம்டான்னு இருந்தேன். அதுக்குள்ள ஒரு மனுசன் தட்டை வழிச்சு நக்கிட்டு, 'அமிர்தம்'னு சொல்லிட்டாரு. அன்னைக்குப் பிடிச்ச கரண்டி மாமா. ரெண்டு வாரத்துக்கு முன்னாடிதான் கையை விட்டு இறக்கினேன்."

அந்தப் பார்வை எனக்கு ஞாபகம் வந்தது. இப்போதும் அதே பார்வைதான். இத்தனை வருஷமாக நான் அதற்கு வைத்திருந்த பேர் தப்பு.

வாசலில் அம்மாவாசி சித்தப்பாவும் ராஜா முகம்மதுவும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒருவர் மீனுக்கும் ஒருவர் வெங்காயத்துக்கும் திரும்பிப் போனார்கள். நான் அடுப்படிப் பக்கம் நடந்தேன்.

"மாமா" என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். குரலில் தேன் சொட்டியது. "போன வார அமிர்தம் ஃப்ரிட்ஜுல ஒரு சட்டி இருக்கு. சூடு பண்ணிச் சாப்பிட்டுட்டு வேலையை ஆரம்பிங்க."