பாசிக்குக் காவல்

சனிக்கிழமைகளில் இனி சூஃப்ரியேர் போவதில்லை என்று முடிவு கட்டினேன். அசைக்க முடியாத முடிவு. யூடாக்சியிடம் மட்டும் சொல்லவில்லை.

யூடாக்சி என் மனைவி. சூஃப்ரியேரில் இருப்பவள் அவள் தங்கை வெரோனிக். நான் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாள் முதல் சனிக்கிழமை தவறாமல் என்னை வேனில் ஏற்றி, மலை வளைவெல்லாம் குலுக்கி, அங்கே கொண்டுபோய் இறக்குவாள். பெண்கள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். இறைச்சி வெட்டும் சத்தம் படார் படார் என்று கேட்கும். நான் வராந்தாவில் சகலை ரெமிஜியஸிடம் மாட்டிக்கொள்வேன். அவன் சிறுநீரகத்திலிருந்து ஒரு கல் எடுத்தார்கள். அதைத் தீப்பெட்டியில் வைத்திருக்கிறான். வாராவாரம் திறந்து காட்டுவான். கல் வளரவில்லை. கதை வளர்ந்தது.

அதே நேரத்தில் இங்கே டென்னரியில், என் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, பிளாசிட்டின் ரம் கடையில் டொமினோ ஆட்டம் நடக்கும். நான் இல்லாமல். அநியாயம்.

ஒரு சாக்கு வேண்டும். நாய் வளர்த்தால் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வா என்பாள். கோழி வளர்த்தால் குழம்பு வைத்துவிடுவாள். யோசித்தேன். கடல்பாசி! கண்ணாடித் தொட்டியில் உப்புத்தண்ணீர் விட்டு, மணல் பரப்பி, பாறை வைத்து, பாசி வளர்ப்பது. பாசியைப் பார்த்துக்கொள்ள எந்த அண்டை வீட்டுக்காரனும் ஒத்துக்கொள்ள மாட்டான்.

தொட்டி வந்தது. விளக்கு வந்தது. தண்ணீரைச் சுழற்ற மோட்டார் வந்தது. கடலிலிருந்து வாளி வாளியாகச் சுமந்தேன். யூடாக்சி வாசற்படியில் நின்று பார்த்தாள்.

"ஏங்க, கதவைத் திறந்தா எதிர்லயே கடல். அதை எதுக்கு வீட்டுக்குள்ள கூட்டிட்டு வர்றீங்க?"

"அது வேற. இது வேற."

"அதுல அலை இருக்கு. இதுல என்ன இருக்கு?"

"பாசி."

"ஊர்ல எல்லாரும் பாசியைப் பால்ல காய்ச்சிக் குடிக்கறாங்க. நீங்க அதுக்கு லைட்டு போட்டு உட்கார வைக்கறீங்க."

"உனக்கு ரசனை இல்லை."

"இருந்தா உங்களைக் கட்டியிருப்பேனா?"

வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். எனக்கு வேலை இருந்தது.

முதலில் தண்ணீர் கலங்கியது. பிறகு மணலெல்லாம் பழுப்புப் படலம். நத்தைகளை விட்டேன். மேய்ந்து தீர்த்தன. பாறையில் நூலால் கட்டிய சிவப்புப் பாசி கிளை விட்டது. பச்சைப் பாசி திராட்சைக் கொத்து மாதிரி மணலில் ஓடியது. கரையில் காலில் மிதிபடும் அதே சரக்குதான். விளக்கடியில் ராணி மாதிரி நின்றது. சாக்குக்காக வளர்க்கிறேன் என்பதே சில நேரம் மறந்துபோகும்.

நினைவு வந்தது ஒரு சனிக்கிழமை காலை.

"நான் வரலை. தொட்டியை விட்டு நகர முடியாது."

"ஏன்?"

"தண்ணி ஆவியாகும். உப்பு ஆவியாகாது. உப்பு ஏறினா பாசி போச்சு. அப்பப்போ மழைத்தண்ணி ஊத்தி இந்தக் கோட்டுக்குக் கொண்டுவரணும்." கண்ணாடியில் நான் போட்ட சிவப்புக் கோட்டைக் காட்டினேன்.

"அதுக்கு நாள் முழுக்கவா?"

"சொட்டுச் சொட்டா ஊத்தணும். அப்புறம் பாசியை வெட்டணும். சனிக்கிழமைதான் வெட்டணும்."

"பாசிக்குக் கிழமை தெரியுமா?"

"வெட்டாம விட்டா பச்சைப் பாசி உசுரை விட்டுடும். தண்ணி பால் மாதிரி வெளுத்துடும். எல்லாம் செத்துடும்."

அது உண்மை. நடக்கக்கூடியதுதான். கிழமை மட்டும் என் சரக்கு.

அவள் தொட்டியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "பாவம், உசுருள்ள ஜீவன். நீங்க இருங்க." தனியாகப் போனாள்.

மூளை என்று ஒன்று இருந்தால் இப்படித்தான். வேன் திருப்பத்தில் மறைவதற்குள் நான் பிளாசிட் கடையில் இருந்தேன். அடுத்த சனியும். அதற்கடுத்த சனியும். அவள் திரும்புவதற்குள் வந்து தொட்டி எதிரே நாற்காலியில் சாய்ந்துவிடுவேன். ரம் தூக்கம் நல்ல தூக்கம். இன்னொரு அதிசயம்: மற்ற நாளெல்லாம் நான் தண்ணீர் ஊற்ற வேண்டும். சனிக்கிழமை ஒரு சொட்டு ஊற்றுவதில்லை. ஞாயிறு காலை பார்த்தால் தண்ணீர் சரியாகக் கோட்டில் நிற்கும். திறமையாக அமைத்த தொட்டி அப்படித்தான்.

டொமினோ போட்டியில் நானும் பிளாசிட்டும் ஜோடியாக இறுதியாட்டத்துக்கு வந்துவிட்டோம். எதிரே மிக்கூ ஊர்க்காரர்கள். பரிசு, புகை போட்ட முழுப் பன்றித் தொடை. இவ்வளவு வயதுக்கு நான் எதிலும் ஜெயித்ததில்லை. இதில் ஜெயிப்பேன்.

அந்தச் சனிக்கிழமை ராசியான தொப்பியை மாட்டிக்கொண்டு வேனுக்குக் காத்திருந்தேன். வேன் வந்தது. யூடாக்சி ஏறவில்லை. வெரோனிக் இறங்கினாள். பின்னால் ரெமிஜியஸ்.

"என்ன இது?"

"நீங்கதான் நகர முடியாதே. தனியா இருக்கீங்களேன்னு அவங்களே வந்துட்டாங்க."

"சகலை!" என்றான் ரெமிஜியஸ். கை சட்டைப் பைக்குப் போயிற்று.

நல்லவேளை, வாசலில் பிளாசிட். "நேரமாச்சு!"

"ரெண்டு மணி நேரம்தான்" என்றேன் யூடாக்சியிடம். "தொட்டிக்கு ஒண்ணும் ஆகாது."

"ஆகாதா? அப்போ அடுத்த சனிக்கிழமை சூஃப்ரியேர் வரலாமே."

"ஆகும்!"

"அப்போ இருங்க."

பிளாசிட்டைப் பார்த்தேன். அவன் தன் செருப்பைப் பார்த்தான்.

"டேய், ஜோடி இல்லாம எப்படிடா ஆடுவே?"

"ஜோடி இருக்குடா, ஹிலேர். அண்ணி போன வாரமே கேட்டாங்க. நான் ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்தேன். கோவிச்சுக்காத. உன்னை வச்சுக்கிட்டா தொடை மிக்கூவுக்குத்தான் போகும்."

யூடாக்சி என் தலையிலிருந்த தொப்பியை எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டாள்.

"உனக்கு டொமினோ தெரியுமா?"

வெரோனிக் சிரித்தாள். "ஐயோ அத்தான்! எங்க வீட்டுல கதவைச் சாத்திட்டு என்ன பண்றோம்னு நினைச்சீங்க?"

"இறைச்சி வெட்டறீங்கன்னு..."

"அவ்வளவு இறைச்சி யாரு வாங்கிக் குடுத்தீங்க?"

படார் படார். மேசையில் டொமினோ காய் அறையும் சத்தம். இத்தனை காலம் கழித்து இப்போதுதான் காதில் விழுந்தது.

"நான் கடைக்குப் போறது உனக்கு எப்படித் தெரியும்?"

யூடாக்சி சிவப்புக் கோட்டைத் தொட்டுக் காட்டினாள். "வாரம் பூரா தண்ணி இங்க நிக்குது. சனிக்கிழமை சாயங்காலம் வந்து பார்த்தா ஒரு விரல் கீழ நிக்குது. நீங்க நாற்காலியில ரம் வாசனையோட குறட்டை. உங்க ராணி செத்துடக் கூடாதேன்னு நான்தான் ஊத்தறேன். சொட்டுச் சொட்டா இல்லை. குவளையால."

பிறகு கத்தரிக்கோலைத் தங்கையிடம் நீட்டினாள். "இன்னைக்கு வெட்டற நாளாம். சிவப்பை வெட்டி அலசிப் பால்ல காய்ச்சிடு. ஜாதிக்காய் தூக்கலா போடு. ஜெயிச்சுட்டு வந்து குடிக்கறேன்."

அவளும் பிளாசிட்டும் போனார்கள். வெரோனிக் வெட்டினாள். சமையலறையில் என் ராணி கொதித்தாள். ரெமிஜியஸ் கதையை முதலிலிருந்து தொடங்கினான். கடையிலிருந்து காய் அறையும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. எந்த அறை யாருடையது என்று எனக்குத் தெரிந்தது.

சாயங்காலம் பன்றித் தொடை உள்ளே வந்தது. அதைச் சுமந்துகொண்டு பிளாசிட். பின்னால் என் தொப்பி.

யூடாக்சி பாசிப் பாலை ஒரே மூச்சில் குடித்து வாயைத் துடைத்தாள்.

"நல்லா வளர்த்திருக்கீங்க. வருஷம் பூரா நானே ஜோடியா இருக்கணுமாம், பிளாசிட் சொல்றான். நீங்க நிம்மதியா தொட்டியைப் பார்த்துக்குங்க."

"தனியாவா?"

"தனியா எதுக்கு சகலை?" என்றான் ரெமிஜியஸ். "வாராவாரம் நான் வந்துடறேன். இனிமே தூக்கிட்டு அலையற வேலையும் இல்லை."

மொட்டைப் பாறைக்குப் பக்கத்தில், மணல் மேல், விளக்கு வெளிச்சத்தில், அவன் கல் மின்னிக்கொண்டிருந்தது.