ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டிப் போன ஊர்வலம்

அன்புத் தம்பிக்கு அக்கா எழுதுவது.

இங்கு யாவரும் நலம், அங்கு உன் மனைவியும் பிள்ளைகளும் நலமா என்று தொடங்குவதுதான் முறை. பின்பாதியை முழு மனதோடு கேட்கிறேன். முன்பாதியை எழுதலாமா கூடாதா என்பது வியாழக்கிழமைதான் தெரியும். அன்றுதான் உன் அத்தானின் பரிசோதனை முடிவு வருகிறது. நீ பயப்படாதே. பயப்படும் வேலையை இங்கே ஒருவர் முழு நேரமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். நான் எழுதுவது வேறு காரியமாக. போன வருஷம் "அத்தான், இது சும்மாதான் கிடக்குது, நீங்க வச்சுக்குங்க" என்று உன் பழைய மோட்டார் சைக்கிளை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அதைத் தயவுசெய்து வந்து எடுத்துக்கொண்டு போ. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ சிரிப்பாய், அது அவர் காதில் விழும், அவரும் சிரித்துவிடுவார், விஷயம் அதோடு கரைந்துவிடும்.

வண்டி வந்த கையோடு பழைய வண்டிக்காரர்களின் கிளப் ஒன்றும் வந்து சேர்ந்தது. எல்லோரும் ஐம்பதை ஒட்டியவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் கூடி, வண்டிகளை நிறுத்தி, அவற்றைச் சுற்றி நின்று பேசுவார்கள். ஓட்டுவது குறைவு. இவர்களுக்கு இந்த வருஷம் ஒரு நல்ல எண்ணம் உதித்தது. ஆண்கள் தங்கள் உடம்பைக் கவனிப்பதில்லை, புராஸ்டேட் கோளாறெல்லாம் முற்றிய பிறகுதான் டாக்டரிடம் போகிறார்கள், ஆகவே கோட்டும் டையும் போட்டுக்கொண்டு வண்டிகளில் ஊர்வலமாகப் போவது, திரட்டிய நிதியை ஆஸ்பத்திரியில் கொடுப்பது, கையோடு அங்கேயே எல்லோரும் பரிசோதனையும் செய்துகொள்வது. கோட்டுக்கும் புராஸ்டேட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். "ஜனங்க திரும்பிப் பாக்கணும்ல?" என்றார் உன் அத்தான். ஊர்வலத்தின் முதல் வண்டி அவருடையது என்று முடிவாகியிருந்தது.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் உன் அத்தானைப் பற்றி உனக்குத் தெரியும். மனிதருக்கு லிஃப்டுகளை ஆய்வு செய்யும் உத்தியோகம். வருடாந்திரச் சோதனை தேதி ஒரு நாள் தவறிய லிஃப்டில்கூடக் கால் வைக்கமாட்டார், முழங்காலைப் பிடித்துக்கொண்டு படியேறுவார். ஆனால் தன் உடம்பை யாரும் திறந்து பார்க்கக் கூடாது. இரண்டு வருஷமாக இரவில் திரும்பத் திரும்ப எழுந்து போகிறார். கேட்டால் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கப் போனாராம். எங்கள் வீட்டு ஜன்னல்களுக்கு இருக்கும் பாதுகாப்பு எந்த வங்கிக்கும் இருக்காது. நான் குடிநீர் ஆய்வுக்கூடத்தில் நாள் முழுக்க மாதிரிகளைச் சோதிப்பவள். சொந்த வீட்டில் ஒரு மாதிரி வாங்க முடியவில்லை. அவருடைய அப்பாவைக் கொண்டுபோனதும் இதே கோளாறுதான் என்பதால் நானும் அதிகம் அழுத்தவில்லை. அப்படிப்பட்டவர் ஊர்வலத்துக்கு முந்தைய வாரம் எங்கள் குடியிருப்பில் கதவு கதவாகத் தட்டி, "துளி ரத்தம்தான் சார், எறும்பு கடிச்ச மாதிரிகூட இருக்காது" என்று ஊருக்கே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார். எந்தச் சாக்கிலாவது ஆஸ்பத்திரி வாசலை மிதித்தால் சரி என்று நானும் பின் இருக்கையில் ஏறிக்கொள்ளச் சம்மதித்தேன்.

கல்யாணக் கோட்டைப் போட்டுக்கொண்டார். பொத்தான்கள் ஒரு பக்கம், அவற்றுக்கான ஓட்டைகள் வேறு ஊரில். டை தோளைத் தாண்டிப் பறந்து என் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தது. எங்களுக்குப் பின்னால் தெரு நிறைய வண்டிகள். முதல் வண்டியை யாரும் முந்தக் கூடாது என்பது கிளப்பின் விதி. அதை வேதவாக்காக நினைக்கிறார்கள். ஆஸ்பத்திரி வாசலில் நர்சுகள் பேனரைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், வெள்ளைக் கோட்டில் டாக்டர் ஒருவர் பூங்கொத்தோடு நின்றார், கேட் அகலமாகத் திறந்திருந்தது. உன் அத்தான் அந்தக் கேட்டை ஏதோ தெரியாத வீட்டு வாசலைக் கடப்பதுபோலக் கடந்து போனார்.

"ஏங்க, கேட் போயிடுச்சு."

"காத்துல ஒண்ணும் கேக்கல."

"நம்மள இப்பதான் ஒரு சைக்கிள் தாண்டிப் போச்சு. காத்து எங்க அடிக்குது?"

"ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம். ஜனங்க பாக்கணும்."

ரவுண்டானாவைச் சுற்றி வந்தோம். நர்சுகள் பேனரை இன்னும் உயரத் தூக்கினார்கள். இவர் கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டார். பின்னால் வந்தவர்களும் வரிசையாகக் கையை ஆட்டிவிட்டுப் போனார்கள். மூன்றாம் முறை ஒரு நர்ஸ் கூடவே ஓடிவந்து, "சார், இங்கதான் சார்!" என்றாள். "தெரியும்மா, தெரியும்!" என்று சொல்லிக்கொண்டே பக்கத்துச் சந்தில் வண்டியை விட்டார் பார், அங்கேதான் விதி சிரித்தது. இரண்டு பக்கமும் உயரமான சுவர். சந்து போய் முடிந்த இடம் அதே ஆஸ்பத்திரியின் சலவைக்கூடம். இந்த வண்டிகளுக்கு ரிவர்ஸ் கியர் கிடையாது. திருப்ப இடமும் கிடையாது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்து சந்தை அடைத்துவிட்டார்கள். படுக்கை விரிப்புகளை உதறிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் எங்களை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "யாரு சார் நீங்கல்லாம்? இன்ஸ்பெக்‌ஷனா?" என்றார்.

நான் இறங்கி, அடுத்த வண்டியில் இருந்த பல் டாக்டரிடம் போனேன்.

"வழி தப்புன்னு உங்களுக்குத் தெரியலையா டாக்டர்?"

"தெரிஞ்சுது மேடம். லீடரை முந்தக் கூடாதுன்னு ரூல் இருக்கே."

"ஹார்ன் அடிக்கலாமே?"

அவர் தன் கையுறைகளைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். தினமும் நோயாளிகளிடம் 'ஏன் இவ்வளவு லேட்டா வந்தீங்க' என்று கோபிக்கிற மனிதர். அவருக்குப் பின்னால் இருந்த ஆடிட்டர் மெதுவாக, "இன்னும் நாலு ரவுண்டுக்குத் தாங்கும் மேடம், பெட்ரோல் ஃபுல்லா இருந்துச்சு" என்றார். யாரும் சிரிக்கவில்லை. அப்போதுதான் எனக்குப் புரிந்தது, உள்ளே நுழையாமல் போனதற்காக மூன்று சுற்றும் அந்த ஊர்வலம் முழுவதும் உன் அத்தானை மனதார வாழ்த்திக்கொண்டே வந்திருக்கிறது.

அவர் மட்டும் வண்டியிலிருந்து இறங்கவில்லை. ஹெல்மெட்டையும் கழற்றவில்லை. பக்கத்தில் போய் நின்றேன்.

"அப்பா நல்லாத்தான் இருந்தாரு," என்றார். "டெஸ்ட் எடுத்தாங்க பாரு, அன்னைலேர்ந்துதான் நோயாளி ஆயிட்டாரு."

"நான் டெஸ்ட் பண்றதால தண்ணி கெட்டுப் போறதில்லீங்க."

வண்டியின் கண்ணாடியைத் திருகி நேராக்கினார். "நீயும் உள்ள வருவியா?"

"ஆம்பளைங்க வார்டு."

"வாசல் வரைக்கும்."

ஈர விரிப்புகளை விலக்கிக்கொண்டு பின்பக்கமாகவே உள்ளே போனோம். லீடரை முந்தக் கூடாது என்பதால் மற்றவர்களும் வேறு வழியில்லாமல் அவருக்குப் பின்னால் வரிசை கட்டினார்கள். "ஐயா, ரத்தம் கையிலதான் எடுப்போம், ஹெல்மெட்டைக் கழட்டலாம்" என்றாள் நர்ஸ். "இருக்கட்டும்மா," என்று சொல்லி, ஹெல்மெட்டோடு கையை நீட்டினார். ரத்தம் எடுத்தார்கள், ஸ்கேன் எடுத்தார்கள், வியாழக்கிழமை சொல்கிறோம் என்றார்கள்.

அன்றிலிருந்து வீட்டில் இரண்டு பேர் ஜன்னல் சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறோம். அவர் மாலை முழுக்க அந்த வண்டியைத் துடைக்கிறார். பளபளப்புக்கும் ஒரு எல்லை உண்டு. நான் ஆய்வுக்கூடத்தில் ஒரே புட்டிக்கு இரண்டு முறை சீட்டு ஒட்டுகிறேன். யோசித்துப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் காரணம் நீ கொடுத்த வண்டிதான். வண்டி இல்லாவிட்டால் கிளப் இல்லை, கிளப் இல்லாவிட்டால் ஊர்வலம் இல்லை, ஊர்வலம் இல்லாவிட்டால் இந்த வியாழக்கிழமையும் இல்லை. இது அப்படியே உன் அத்தான் பேசுகிற நியாயம்தான் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் எழுதுகிறேன். இந்த வாரமே வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போ.

பிள்ளைகள் நன்றாகப் படித்து, ஒழுங்காகச் சாப்பிட்டு, எந்த கிளப்பிலும் சேராமல் நீடூழி வாழ என் ஆசிகள். உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கும் நாற்பத்தைந்து தாண்டிவிட்டது என்பதை அவளுக்குத் தனியாக எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: இதை உறையிலிட்டு ஒட்டுவதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. மதியம் ஆஸ்பத்திரியிலிருந்து போன். கட்டி கிட்டி ஒன்றும் இல்லையாம். வயதானால் வருகிற வீக்கம்தானாம், மாத்திரை போதுமாம். போனை வைத்ததும் மனிதர் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். நேரே இறங்கிப் போய் வண்டியை உதைத்துக் கிளப்பினார். இப்போது குடியிருப்பைச் சுற்றிச் சுற்றி வருகிறார். எங்கள் வாசலைத் தாண்டும்போதெல்லாம் ஹார்ன் அடித்து என்னைக் கூப்பிடுகிறார். பக்கத்து வீடுகளில் எல்லோரும் எட்டிப் பார்க்கிறார்கள், வெட்கக்கேடு. ஆகவே நீ வண்டிக்காக இப்போது அவசரப்பட்டு வர வேண்டாம். நான் கீழே போவது அவரை நிறுத்தச் சொல்வதற்கு மட்டுமே. என் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போவது ஒரு பாதுகாப்புக்காக.