கோச்சியரின் பாதிவழி

உரும்பிராயில் தண்டவாளம் கிடையாது. ஆனாலும் கோச்சியரின் வீட்டுக்குப் போய், கோச்சிக்காகக் காத்து நிற்காமல் உள்ளே நுழைந்த மனிதர் ஒருவருமில்லை.

தபால் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இளமையில் கொழும்பில் ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய தகர ரயில் ஒன்று அவரிடம் இருந்தது. சாவி கொடுத்தால் ஓடும். அதைக் கோச்சி, கோச்சி என்று சொல்லிச் சொல்லியே ஊருக்கு அவர் கோச்சியர் ஆகிவிட்டார். தண்டவாளம் விறாந்தையில் தொடங்கி, அறையைச் சுற்றி, குசினி வாசல் வரை போய்த் திரும்பும். என் கலியாணத்துக்குச் சொல்லப் போனபோது வாசலுக்குக் குறுக்கே கயிறு கட்டியிருந்தது.

"பொறும் தம்பி, கோச்சி வருது."

பொறுத்தேன். குசினியிலிருந்து அவருடைய மனைவி ஏற்றி அனுப்பிய பருத்தித்துறை வடையோடு கோச்சி வந்தது. நான் கையை நீட்டினேன்.

"ரிக்கற் எடுத்தனீரோ?" என்றார்.

யுத்தத்தில் ஊரே இடம்பெயர்ந்தபோது எல்லோரும் அரிசியும் பாயும் தூக்க, கோச்சியர் கோச்சியைத் தூக்கினார். "இந்த மனுசனுக்கு விசர்" என்று வழிநெடுகத் திட்டிக்கொண்டு வந்த மனைவியின் தலையில் தண்டவாளச் சாக்கு.

பிள்ளைகள் கனடாவுக்குப் போனார்கள். போன வருடம் அந்த அம்மாவும் காலமானார். கோச்சி மட்டும் தினமும் குசினி வரை போய் வெறும் பெட்டியோடு திரும்பியது. இந்த மாரியில் அதற்குள் இருந்த சுருள்வில்லும் முறிந்தது.

மருதனார்மடத்திலிருந்து மணிக்கூடு திருத்துபவர் ஒருவரைக் கூட்டிப்போனேன். அவர் கழற்றிப் பார்த்தார்.

"இந்த அளவு வில்லு இனிக் கிடையாது ஐயா. அடியிலை தகட்டை வெட்டி ஒரு மோட்டரும் பற்றறியும் வைச்சுத் தாறன். நாள் முழுக்க ஓடும். சாவி குடுக்க ஆளே தேவையில்லை."

கோச்சியர் எஞ்சினை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆளே தேவையில்லையெண்டால், பிறகு நான் என்னத்துக்கு?"

திருத்துபவர் தன் பெட்டியைக் கிண்டினார்.

"பழைய அலாரம் மணிக்கூட்டு வில்லொண்டு கிடக்கு. ஒண்டும் வெட்டத் தேவையில்லை. ஆனா வலுக் குறைவு. பாதிவழியிலை நிண்டிடும்."

"நிண்டால் நிக்கட்டும். போடும்."

போட்டார். கோச்சி புறப்பட்டுக் குசினி வாசலில் நின்றது. கோச்சியர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்துபோய், குனிந்து சாவி கொடுத்தார். அவர் கதிரைக்குத் திரும்புமுன்பே கோச்சி விறாந்தைக்கு வந்துவிட்டது. வரவேற்க அவருடைய கதிரையில் ஆளில்லை.

"அங்காலை ஒரு ஆள் இருந்தால் நல்லம்" என்றார், யாரையும் பாராமல்.

இப்போதெல்லாம் பின்னேரங்களில் குசினி வாசலில் பலகை போட்டுக் குந்தியிருப்பது நான்தான். நேற்று விறாந்தையிலிருந்து சத்தம் வந்தது.

"தம்பி, கோச்சி ஏன் பிந்துது?"

"சிக்னல் விழேல்லை அண்ணை."

கோச்சியர் சிரித்தார். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டுக் கனகாலம். அந்தச் சிரிப்பு முடியும்வரை கோச்சியை அனுப்பாமல் கையில் பிடித்துக்கொண்டு இருந்தேன்.